மாடி டாக்டருக்கு மாற்றல்

மாணவர் விடுதி
ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலமா என்பது இந்தப் பல்கலைக்கழகத்தில் இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. முடிவு வந்ததும் தெரிவிக்கிறேன்.

கடிதத்தைப் பார்த்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. போனை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். இங்கே மாணவர் நல மையத்தில் ஓர் ஆலோசகர் அம்மா இருக்கிறார். என் அறைத் தோழன் கொட்டாவிதான் என்னை இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார வைத்தான். (பாடம் தொடங்கும் முன்பே கொட்டாவி விடுகிறவன், அதனால் அந்தப் பெயர்.) அதற்கு முன்பே மையத்து டாக்டர் என்னை முழுதாகப் பரிசோதித்து, இதயம், நுரையீரல் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதியே கொடுத்திருந்தார். அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மறுநாள் திரும்பவும் அவரிடம் போய் நின்றேன்.

ஆலோசகர் அம்மா என் போனை வாங்கி, நான் தேடியதையெல்லாம் உரக்கப் படித்தார். காது அடைப்பு மூளைக் கட்டியா. விரல் மரத்துப்போவது பக்கவாதமா. அடிக்கடி ஏப்பம் வந்தால் எத்தனை நாள் உயிரோடு இருக்கலாம். கொட்டாவி சிரித்தே விட்டான். பிறகு அந்த அம்மா கேட்டார்: "பயம் வந்தா யாருக்குப் போன் பண்ணுவீங்க?"

"எங்க அக்காவுக்கு. அவ வீட்டு மாடியில ஒரு டாக்டர் இருக்கார். அவர்கிட்ட கேட்டுட்டு, ஒன்னும் ஆகாதுன்னு சொல்லுவா."

"சொன்னதும்?"

"நிம்மதியா இருக்கும்."

"எவ்ளோ நேரத்துக்கு?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அப்பாவைப் பற்றியும் சொன்னேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்பதையும், அதற்குச் சற்று முன்புவரை வீட்டில் எல்லோரும் வாயு என்று சொல்லிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், இணையத்தில் தேடுவதும் வேண்டாம், அக்காவுக்குப் போன் பண்ணுவதும் வேண்டாம் என்றார். ஆகவே இந்தப் பருவம் முழுக்க எனக்குப் பொத்தான் போன்தான். உன்னோடு பேச்சு கடிதத்தில் மட்டும்.

இதற்கெல்லாம் காரணம் ஜனவரியில் வரும் கள முகாம். நிலவியல் படிக்கிறவன் மலைக்குப் போய்ப் பாறைகளை வரைபடமாக்கித் தர வேண்டும். முதல் வருஷம் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். போன வருஷம் பஸ் புறப்படும்போது குதித்து இறங்கிவிட்டேன். மலையிலிருந்து மருத்துவமனை அத்தனை தூரம், அக்கா. எங்கள் பேராசிரியரை எல்லோரும் 'சுத்தியல்' என்போம், கையில் அது இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அவர் என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவையும் வரலேன்னா பட்டம் கிடையாது தம்பி. எனக்குக் கோபமில்ல, விதி அப்படி" என்றார். என் அறை ஜன்னலைத் திறந்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசல் தெரியும். அதற்காகவே அடித்துப்பிடித்து இந்த அறையை வாங்கியவன் நான். நான் மலைக்குப் போவது நடக்கிற காரியமா, நீயே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புள்ள தம்பி

பின்குறிப்பு: இடது கண் இமை இரண்டு நாளாகத் துடிக்கிறது. மாடி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுது.


ஆகஸ்ட் 14

அன்புத் தம்பிக்கு,

இங்கு நான் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நினைத்து நினைத்துத்தான் என் சௌக்கியம் கொஞ்சம் இளைத்திருக்கிறது.

தபால்காரர் என் பெயரைக் கூப்பிட்டதும் கோர்ட் நோட்டீஸ்தான் என்று நினைத்தேன். உன் கோழிக்கிறுக்கலைப் பார்த்துத்தான் உயிர் வந்தது. போனில் பேசக்கூடாதாம், கடிதம் எழுதலாமாம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு வைத்தியமா? சரி, உன் ஆலோசகர் அம்மா படித்தவர், நான் லிப்ட் ரிப்பேர் செய்கிறவள். என்னால் பேசாமல் இருக்க முடியாது என்பதை மட்டும் அவரிடம் சொல்லி வை.

இந்த வாரம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் பழைய லிப்ட் ஒன்று என் பிராணனை வாங்குகிறது. மூன்றாம் மாடியில் நிற்கச் சொன்னால் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்று யோசிக்கிறது. உன்னைப் போலவே.

டாக்டரிடம் கேட்டேன். தூக்கம் குறைந்தால் இமை துடிக்குமாம், ஒன்றும் ஆகாதாம். அவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு தடவை கேட்டாயே. ஆள் நல்ல கறுப்பு, நல்ல குண்டு. வெயில், மழை பார்க்காமல் எப்போதும் மாடியிலேயே இருப்பார். அதிகம் பேச மாட்டார், பேசினால் நிறைந்த பேச்சு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. டாக்டரே சொல்லிவிட்டார், தைரியமாக இரு.

உன் அக்கா


ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எழுதிய அன்று நீ நன்றாக இருந்திருப்பாய். இன்றைக்கும் அப்படியே இரு.

ஒரு வேடிக்கை கேள். இமை துடிக்கிறது என்று எழுதித் தபாலில் போட்ட மறுநாளே துடிப்பு நின்றுவிட்டது. டாக்டரின் பதில் வந்தபோது எனக்கு இமை என்ற ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. நான் கெண்டைக்கால் வலிக்குப் போய்விட்டேன். ரத்தம் கட்டியிருக்குமோ, அது நகர்ந்து நெஞ்சுக்குப் போய்விடுமோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். கையில் இமைக்கான ஆறுதல் கடிதம். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.

இதைச் சொன்னதும் ஆலோசகர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க அக்கா கடிதம் வர்றதுக்கு முன்னாடியே பயம் தானா போயிருக்கு. அப்போ யாரு உங்களைக் காப்பாத்துனது?" என்றார்.

புதன்கிழமைகளில் எங்களைப் போன்றவர்களை ஒன்றாக உட்கார வைக்கிறார். என்னமோ நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன், அறை நிறைய ஆட்கள்! தாவரவியல் படிக்கும் ஒரு பெண் தன் கையிலுள்ள மச்சத்தைத் தினமும் படம் எடுத்து நேற்றைய படத்தோடு ஒப்பிடுகிறாள். அவளுக்கு மச்சம் என்றே பெயர் வைத்துவிட்டோம், அவளும் கோபிக்கவில்லை. மருத்துவம் படிக்கும் ஒருவன் வாரம் ஒரு பாடம் படிக்கிறான், வாரம் ஒரு நோய் வருகிறது. தேர்வு முடிந்தால் குணம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்தப் பேய்களுக்கெல்லாம் சங்கம் வைத்தது போல இருக்கிறது.

இப்போது உனக்கு ஒரு விஷயம், கோபித்துக்கொள்ளாதே. ஆறுதல் எங்களுக்கு உப்புத் தண்ணீர் மாதிரியாம். குடித்ததும் தாகம் தீர்ந்தது போல இருக்கும், பிறகு இன்னும் தவிக்கும். அதனால் இனி டாக்டரிடம் எனக்காக எதுவும் கேட்காதே. 'ஒன்றும் ஆகாது' என்று எழுதாதே. 'நலமா' என்றும் கேட்காதே, கேட்டால் நான் உடனே உடம்பைத் தடவிப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். என் பக்கத்தில், நோய் எதையும் உனக்கு எழுத மாட்டேன்.

அன்புடன் தம்பி


செப்டம்பர் 5

அன்புத் தம்பிக்கு,

(இங்கே ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன்.)

நலமா என்று கேட்காமல் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது? தாளை வைத்துக்கொண்டு ஒரு டம்ளர் டீ ஆறிப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன். அங்கே மழையா? விடுதியில் தண்ணீர் வருகிறதா? இதெல்லாம் கேட்கலாமா, இல்லை இதற்கும் உன் ஆலோசகர் அம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

மனதில் பட்டதைச் சொல்கிறேன். எனக்கு வருத்தம்தான். அம்மா போன பிறகு உன்னை நான்தான் தூக்கி வளர்த்தேன். அப்பாவும் போன பிறகு நீ ராத்திரி பகல் பாராமல் "அக்கா, இங்க வலிக்குது" என்று வந்து நிற்பாய், நான் ஏதாவது சொல்வேன், நீ தூங்குவாய். இப்போது யாரோ ஓர் அம்மா அது உப்புத் தண்ணீர் என்கிறார். டாக்டருக்கும் மனசு கஷ்டம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்த அலுவலக லிப்ட் இப்போது மூன்றாம் மாடியில் ஒழுங்காக நிற்கிறது. ஐந்தாம் மாடியில் மட்டும் நிற்காமல் போய்விடுகிறது.

உன் அக்கா

பின்குறிப்பு: கெண்டைக்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் போதுமாம், பயப்பட ஒன்றுமே இல்லையாம். நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.


செப்டம்பர் 20

அக்காவுக்கு,

இங்கே மழை. தண்ணீர் வருகிறது.

உன் பின்குறிப்பைப் படித்ததும் அப்படி ஒரு சுகம். பிறகு, டாக்டர் காலைத் தொட்டே பார்க்கவில்லையே, எப்படிச் சொன்னார் என்று தோன்றியது. வலது கால் என்று நினைத்திருப்பாரோ, எனக்கு வலிப்பது இடது கால் ஆயிற்றே என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் நான் அவசரப் பிரிவு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே இருக்கும் செவிலியர் அக்காவுக்கு என்னை நன்றாகத் தெரியும். "வாங்க சார், இன்னைக்கு எந்த உறுப்பு?" என்றார். பக்கத்தில் நிஜமாகவே தலை உடைந்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்கூடச் சிரித்துவிட்டார். நான் திரும்பி வந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

நீ பாசத்தில்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். ஆனால் நான் ஏணியில் ஒரு படி ஏறும்போது நீ அன்பாகக் காலைப் பிடித்து இழுக்கிறாய். ஜனவரியில் நான் அந்த பஸ்ஸில் ஏறியாக வேண்டும், அக்கா. ஏறவில்லை என்றால் படிப்பு போச்சு. அதைவிட, வாழ்நாள் முழுக்க மருத்துவமனை வாசல் தெரிகிற ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருப்பேன். உன் ஊருக்குக்கூட நான் இதுவரை வந்ததில்லை, ஞாபகம் இருக்கிறதா? நீ வேலை மாறிப் போய் இரண்டு வருஷம். வழியில் அந்தப் பொட்டல்காடு வரும், ஒரு மருந்துக்கடைகூடக் கிடையாது என்று இரண்டு தடவை டிக்கெட் வாங்கிவிட்டு அப்படியே திரும்பியிருக்கிறேன்.

அந்த வார்த்தையை எழுதாமல் இருக்க முடியும் என்றால் எழுது. முடியாது என்றால் கொஞ்ச நாள் எழுதாதே.

தம்பி


அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றால் நிஜமாகவே எழுதாமல் இருந்துவிடுவாயா?

தினமும் தபால் பெட்டியைப் பார்க்கிறேன். நீ லிப்ட் மேலே ஏறி நின்று வேலை செய்கிறவள். என்னென்னவோ கற்பனை வருகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத் துடிக்கிறேன், ஆனால் கேட்கக்கூடாது என்று சட்டம் போட்டவனே நான்தான். அங்கே மழையா? தண்ணீர் வருகிறதா?

நூலகக் கோபுரத்துப் படிகளில் ஏறிப் பழகுகிறோம், மச்சமும் கொட்டாவியும் துணை. ஏறும்போது நாடி பார்க்கக்கூடாது என்பது ஆலோசகர் அம்மா போட்ட விதி. முதல் நாள் நாலாவது வளைவில் நெஞ்சு படபடவென்று அடித்தது, இதோ போகப்போகிறேன் என்று சுவரில் சாய்ந்தேன். மச்சம் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "நானும் பார்க்கல, நீயும் பார்க்காத. ஏறு" என்றாள். நேற்று உச்சி வரை போனேன். மேலே புறா எச்சத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இருந்தாலும் மூன்று பேரும் தேர்தலில் ஜெயித்தவர்கள் மாதிரி கையை ஆட்டினோம்.

எழுது, அக்கா.

தம்பி


அக்டோபர் 27

அன்புத் தம்பிக்கு,

மழை விட்டுவிட்டது. தண்ணீர் வருகிறது. கை கால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எழுதாமல் இருக்கவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். எப்படிச் சுற்றிப் போனாலும் கடைசியில் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்துவிடுகிறது. என் பேனாவுக்கு அது ஒன்றுதான் தெரியும் போல.

போன வாரம் அந்த ஐந்தாம் மாடி லிப்ட்டில் ஒரு மனிதர் மாட்டிக்கொண்டார். நான் மோட்டார் ரூமில் இருந்தேன். வழக்கம்போல, "பயப்படாதீங்க, ஒன்னும் ஆகாது" என்று கத்தினேன். அவர் மணியை அழுத்தினார். திரும்பக் கத்தினேன், திரும்ப அழுத்தினார். நான் சொல்லச் சொல்ல மணி கூடியதே தவிரக் குறையவில்லை. எனக்கு உன் ஞாபகம் வந்தது. கீழே இறங்கிப் போய்க் கதவுக்கு வெளியே நின்று, "நான் இங்கதான் நிக்கிறேன். வேலை நடக்குது. இப்ப ஒரு சத்தம் வரும். நீங்க எங்க வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் தன் மேலாளரைத் திட்ட ஆரம்பித்தார். கதவு திறந்த பிறகும் திட்டி முடிக்கவில்லை, வெளியே வந்து நின்று மிச்சத்தையும் திட்டிவிட்டுத்தான் போனார். மணிச் சத்தமே இல்லை.

உன் ஆலோசகர் அம்மா சொல்வது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிடிக்கவில்லை, ஆனால் உறைத்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ அந்த மலைக்குப் போக வேண்டாம் என்று என் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. எனக்கு இருப்பது நீ ஒருத்தன். இந்த பயம் என்னுடையது. அதைத் தூக்கி உன் பையில் வைக்க மாட்டேன். நீ போ.

கோபுரத்துப் படி ஏறியதற்கு நான் இங்கே மோட்டார் ரூமில் தனியாக நின்று கை தட்டினேன். கூட வேலை செய்கிறவர் ஏதோ ஆகிவிட்டது எனக்கு என்று நினைத்தார்.

உன் அக்கா


டிசம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

குளிர் தொடங்கிவிட்டது, இரண்டு சட்டை போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. செவிலியர் அக்கா வழியில் பார்த்து, "என்ன சார், ஆளையே காணோம், வேற ஆஸ்பத்திரி மாத்திட்டீங்களா?" என்று கேட்கும் அளவுக்கு முன்னேற்றம். நேற்று சுத்தியல் வந்து முகாம் இடத்தை மாற்றிவிட்டேன் என்றார். இன்னும் உள்ளே, இன்னும் உயரம். பஸ் மலையடிவாரம் வரைதான், அதற்கு மேல் நடை. போன் எடுக்காது.

நேற்றிலிருந்து நெஞ்சில் ஒரு பாரம். எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் எழுதுகிறேன், மன்னித்துவிடு. அப்பாவுக்கும் படி ஏறும்போதுதானே வந்தது? நான் அவர் பிள்ளைதானே? மையத்து டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் பையிலேயே இருக்கிறது. ஆனால் அவர் படிப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மாடி டாக்டர் சொன்னால் நம்புவேன். கடைசியாக ஒரே ஒரு தடவை அவரிடம் கேள். அப்படி ஓர் அப்பாவுக்குப் பிறந்தவன் அந்த மலை ஏறலாமா? ஒரே ஒரு வரி போதும். அந்த வரி வந்தால் போவேன். வராவிட்டால் போக முடியும் என்று தோன்றவில்லை.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
தம்பி


டிசம்பர் 10

அன்புத் தம்பிக்கு,

இங்கேயும் குளிர்தான். காலையில் திருப்புளி கையில் ஒட்டிக்கொள்கிறது.

மாடி டாக்டருக்கு மாற்றல் ஆகிவிட்டது. வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். எந்த ஊர் என்று தெரியாது. இனி வர மாட்டார். வேறு யாரிடமும் நான் கேட்கப் போவதில்லை.

மலையில் உன் காலுக்கு வேண்டுமே என்று கம்பளி உறை அனுப்பியிருக்கிறேன். கையுறையும் இருக்கிறது, என் வேலைக் கையுறை, புதிது. கம்பி வடம் பிடிக்கத் தைத்தது, பாறைக்கும் தாங்கும்.

போய்விட்டு வந்து எழுது.

உன் அக்கா


ஜனவரி 19

என் அக்காவுக்கு,

போய்விட்டு வந்து எழுதுகிறேன்!

முதலில் திட்டை வாங்கிக்கொள். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை நாள் இருந்த மனுஷன், எனக்குத் தேவைப்படுகிற நேரம் பார்த்தா மாற்றலாகிப் போக வேண்டும்? உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன், பின்குறிப்பு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. கையுறைக்குள்கூட விரல் விட்டுத் தேடினேன். ஒன்றுமில்லை. கோபத்திலேயே பையைக் கட்டினேன், கோபத்திலேயே பஸ்ஸில் ஏறினேன். கொட்டாவி கதவுப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "இறங்கணும்னா என்னைத் தாண்டித்தான்டா போகணும்" என்றான். மலையடிவாரம் போவதற்கு முன்பே அவன் தூங்கிவிட்டான், தாராளமாகத் தாண்டியிருக்கலாம். தாண்டவில்லை.

மலையில் எங்களுக்குக் கொடுத்த வேலை, கறுப்புப் பாறையும் சிவப்பு மணற்கல்லும் சந்திக்கும் கோட்டைத் தேடிப் பிடித்து வரைபடத்தில் போடுவது. கண்ணால் பார்த்த இடத்தில் முழுக்கோடு போட வேண்டும், ஊகித்த இடத்தில் புள்ளிக்கோடு. எங்கள் பங்குக்கு வந்த கோடு கொஞ்ச தூரம் ஓடையோரமாகச் சாதுவாக வந்துவிட்டு, திடீரென்று செங்குத்தாக மேலே ஏறிவிட்டது. கொட்டாவி அண்ணாந்து பார்த்து, "புள்ளி வச்சு முடிச்சிடலாம்டா. எல்லாரும் அதைத்தான் பண்றாங்க" என்றான்.

நானும் பென்சிலை எடுத்துவிட்டேன், அக்கா. இரண்டு புள்ளி வைத்தும்விட்டேன். பிறகு எனக்கே அவமானமாக இருந்தது. என் வாழ்க்கையில் எல்லாமே ஊகம்தான். இமையை ஊகித்தேன், காலை ஊகித்தேன், சாவை எத்தனை தடவை ஊகித்தேன். இதையாவது போய்ப் பார்த்துவிடலாம் என்று ஏறினேன்.

பாதியில் நெஞ்சு அடித்த அடி இருக்கிறதே! காதுக்குள் கேட்டது. வழக்கம்போல விரல் மணிக்கட்டைத் தேடியது. ஆனால் ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கை பாறையில், இரண்டிலும் உன் தடிமனான கையுறை. நாடி பிடிக்க மூன்றாவது கை இல்லை. அடித்துக்கொள், எனக்கு வேலை இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அதுவும் அடித்துக்கொண்டே கூட வந்தது. உச்சியில் ஒரு பாறைப் பலகை, அதன் குறுக்கே தெளிவாக அந்தக் கோடு. ஒரு கையைக் கறுப்பில் வைத்தேன், ஒரு கையைச் சிவப்பில் வைத்தேன். வைத்துக்கொண்டு கத்தினேன் பார், மலையே திரும்பக் கத்தியது.

எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கொட்டாவி முதலுதவிப் பையைத் தூக்கிக்கொண்டு விழுந்தடித்து ஏறி வந்தான். வந்தவன் மூச்சு வாங்கி மல்லாந்துவிட்டான். "செத்துருவேன் போலடா" என்றான். எனக்கு அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். "நான் இங்கதான் இருக்கேன். தண்ணி குடி. இந்தக் கோட்டைப் பாரு" என்றேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, கோட்டைப் பார்த்தபடியே கொட்டாவி விட்டான். பிழைத்துக்கொண்டான் என்று தெரிந்தது.

சாயங்காலம் சுத்தியல் எல்லா வரைபடங்களையும் தரையில் விரித்தார். எல்லாவற்றிலும் அந்தச் சரிவில் புள்ளிக்கோடு. எங்களுடையதில் அடியிலிருந்து உச்சி வரை முழுக்கோடு. "யாரு இங்க ஏறுனது?" என்றார். நான் கையைத் தூக்கினேன். அந்த மனுஷன் தன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எனக்குக் கை கொடுத்தார். அவர் கை காலியாக இருந்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முகாமில் தேறிவிட்டேன். விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் நினைவு வந்தது, அந்த மலைக்குப் பக்கத்து மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று நான் யாரிடமும் கேட்கவே இல்லை.

அடுத்த வாரம் விடுமுறை. உன் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். பொட்டல்காட்டு வழியாகத்தான் வருகிறேன்.

உன் தம்பி


ஜனவரி 24

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கட்டடத்துக் காவலாளி முதல் ஐந்தாம் மாடி மேலாளர் வரை எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கோடு போட்டதற்கா இந்த ஆட்டம் என்று அவர்களுக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் போகட்டும். நான் அழுதேன், போதுமா? வா, வா, வா.

ஒன்று மட்டும். டாக்டர் போன பிறகு மாடி பூட்டிக் கிடக்கிறது. பார்க்க ஒன்றுமில்லை. படியும் வழுக்கும். மேலே போகாதே.

உன் அக்கா


பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய மாடி டாக்டர் அவர்களுக்கு,
(என் அக்கா மூலமாக)

தங்கள் உடல்நலம் குறித்து எனக்குக் கவலையில்லை. நேரில் பார்த்துவிட்டேன்.

அக்கா வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், துண்டு காயப்போட மாடிக்கு வந்தேன். படி வழுக்கவில்லை. கதவும் இல்லை, பூட்டும் இல்லை. ஒரு கொடிக்கயிறு இருந்தது. அதற்குப் பக்கத்தில் தாங்கள் இருந்தீர்கள். நல்ல கறுப்பு, நல்ல குண்டு. மூடி பறக்காமலிருக்கத் தலையில் ஒரு பழைய லிப்ட் சக்கரம். அக்கா சொன்ன அடையாளம் அப்படியே இருந்ததால் சந்தேகமே வரவில்லை. விரலால் தட்டினேன். பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கிறது என்று பதில் சொன்னீர்கள். நிறைந்த பேச்சு என்று அவள் எழுதியது சரிதான்.

இரண்டு வருஷமாக என் இமை, கால், காது, ஈரல் எல்லாவற்றுக்கும் தாங்கள்தான் வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள். ஒரு தண்ணீர்த் தொட்டியின் பேச்சைக் கேட்டுப் பிழைத்தவன் இந்தப் பல்கலைக்கழகத்திலேயே நான் ஒருவன்தான். புதன்கிழமை கூட்டத்தில் சொன்னேன், மச்சம் நாற்காலியிலிருந்து விழுந்தாள். ஆலோசகர் அம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க அக்காவை நான் ஒரு தடவை பார்க்கணும்" என்றார்.

தங்களை ஏன் அங்கே குடிவைத்தாள் என்று எனக்குத் தெரியும், டாக்டர். அப்பா நெஞ்சைப் பிடித்தபோது, "வாயுதான்ப்பா, ஒன்னும் ஆகாது" என்று முதலில் சொன்னது அவள். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டேன். அதற்குப் பிறகு அதைத் தன் வார்த்தையாகச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. நான் அழுதுகொண்டு போன் பண்ணும்போது சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பாவம், என்ன செய்வாள், ஒரு டாக்டரை உண்டாக்கினாள். அந்த டிசம்பர் மாதம் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அவள் நிம்மதியாகப் படுத்திருக்கலாம். எழுதாமல் தங்களுக்கு மாற்றல் போட்டாள். மலை ஏறியதற்கு எனக்குக் கை கொடுக்க ஆள் இருந்தது. அவளுக்கு யாரும் கை கொடுக்கவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

அன்று மாலை அவள் வந்ததும், "மாடிக்குப் போனியா?" என்று கேட்டாள். "இல்லக்கா, வழுக்கும்னு சொன்னியே" என்றேன். துண்டு மேலேயே காய்ந்துகொண்டிருப்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. மறுநாள் நான் ஊருக்குக் கிளம்பும்போது அது நன்றாக மடித்து என் பையின் மேல் இருந்தது. பஸ் நகரும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

இங்கே எனக்கு அறை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், நானே கேட்டு வாங்கினேன். ஜன்னலைத் திறந்தால் விளையாட்டு மைதானம் தெரிகிறது.

அக்காவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். நான் நலம். இதை யாரிடமும் கேட்டு எழுதவில்லை.

தங்கள் பழைய நோயாளி